17 சென்டிமீட்டர் கோமோராவை 40 மீட்டராகக் காட்ட

பழைய பொம்மைக் கடைகள் நிறைந்த டோக்கியோவின் நகானோ பிராட்வேயில் 500 யென்னுக்கு ஒரு பழைய கோமோரா பொம்மை கிடைத்தது. மென்மையான வினைல், இங்கே சோஃபுபி என்று சொல்வார்கள். உள்ளே காலி, கை, கால், வால் எல்லாம் தனித்தனியாக வார்த்துச் செருகியிருக்கும். இடது பாதத்தில் பெயிண்ட் உரிந்திருந்ததால் அந்த விலை. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன், கொம்பு நுனி வரை 17 சென்டிமீட்டர். கோமோரா என்பது 'அல்ட்ராமேன்' என்ற பழைய ஜப்பானிய டிவி தொடரில் வரும் ராட்சத மிருகம், அதில் அதன் உயரம் 40 மீட்டர், எடை 20,000 டன். வகுத்துப் பார்த்தால் 235இல் ஒரு பங்கு. அந்த எண் மனசில் உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாமல், கையால் செய்த ஒரு கட்டடத்தை இந்தப் பொம்மை இடிக்கிற மாதிரி ஒரே ஒரு ஷாட் எடுக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு அது 40 மீட்டராகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நான் இருப்பது டோக்கியோவில் செடகாயா பக்கம். சொஷிகயா ஓகுரா ஸ்டேஷன் வாசலில் அந்தத் தொடரின் நாயகன் அல்ட்ராமேனின் சிலை நிற்கும், கடைத்தெருவின் விளக்குக் கம்பங்களில்கூட அவன் முகம்தான், ரயில் வரும்போது ஒலிக்கிற மெட்டும் அந்தத் தொடர்களின் பாட்டு. அல்ட்ராமேனை எடுத்த, எய்ஜி சுபுராயா ஆரம்பித்த நிறுவனம் பல வருடங்கள் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 1966 ஜூலை 17 அன்று அல்ட்ராமேனின் முதல் எபிசோட், வாரம் ஒன்றாக மொத்தம் 39, 1967 ஏப்ரலில் முடிந்தது. தினமும் அந்தச் சிலையைத் தாண்டி வேலைக்குப் போகிறவன், இதெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் முயற்சி சாப்பாட்டு மேசையில். அட்டையில் எட்டு மாடிக் கட்டடம், மாடிக்கு 1.5 சென்டிமீட்டர், மொத்தம் 12. பின்னாலிருந்து கோமோராவைத் தள்ளினேன், போனில் எடுத்தேன். என் மகளுக்கு எட்டு வயது, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, அது இடியலையே, பெட்டி மாதிரி சாஞ்சிடுச்சு" என்றாள். உண்மைதான். அட்டை மடங்கும், நசுங்கும், ஆனால் நொறுங்காது. சரி என்று தெர்மோகோலில் ஒன்று செய்தேன், அது நொறுங்கியது, ஆனால் துண்டுகள் பறந்தன. இரண்டிலுமே இல்லாதது எடை. அப்புறம் நான்கு வாரம் நான் செய்த எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: கைக்கு அடக்கமான ஒரு பொருளுக்குக் கண்ணில் எடையை வரவழைப்பது.

முதலில் வேகம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பள்ளிக்கூட பௌதிகம்தான். 28 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழுந்தால் தரையைத் தொட சுமார் 2.4 செகண்ட் ஆகும். என் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அதாவது 12 சென்டிமீட்டரிலிருந்து விழுந்தால் 0.16 செகண்ட். போனில் சாதாரணமாக செகண்டுக்கு 30 ஃப்ரேம் எடுக்கும்போது அந்த முழு வீழ்ச்சியும் ஐந்தே ஃப்ரேமில் முடிந்துபோகிறது. கண்ணுக்கு எதுவும் பிடிபடாது, பொம்மை என்று மட்டும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த வகைப் படங்களில் கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் போட்டுக் காட்டுவார்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு அளவின் வர்க்கமூலம் எடுத்தால் போதும். மனிதன் உள்ளே புகுந்து நடிக்கிற மிருக உடைக்கு, அதாவது சூட்டுக்கு, செட் பெரும்பாலும் 25இல் ஒரு பங்கு, வர்க்கமூலம் 5. எனக்கு 235, வர்க்கமூலம் 15க்கு மேல். செகண்டுக்கு 24 ஃப்ரேமில் ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 370 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். என் போன் 240 வரைதான் போகும். பத்து மடங்கு மெதுவாகிறது, இன்னும் ஒன்றரை மடங்கு பாக்கி. எடிட்டிங் ஆப்பில் இடைப்பட்ட ஃப்ரேம்களை அதுவே உருவாக்கச் சொல்லிப் பார்த்தேன், புழுதி எல்லாம் மெழுகு மாதிரி இழுபட்டது, அதை விட்டுவிட்டேன். அந்தப் பாக்கியை எப்படிச் சரிக்கட்டினேன் என்பது பின்னால் வரும்.

240இல் எடுக்க ஆரம்பித்ததும் வெளிச்சம் பிரச்சினையானது. ஒவ்வொரு ஃப்ரேமும் செகண்டில் 240இல் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வெளிச்சம் பார்க்கிறது. வீட்டு விளக்குகளைக் கொண்டுவந்து வைத்தால் படம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எங்கள் வீட்டு எல்இடி விளக்கு செகண்டுக்கு 100 தடவை மங்கி எரிகிறது, பத்து மடங்கு மெதுவாக்கினால் அது செகண்டுக்கு 10 தடவை கண்ணில் அடிக்கிற மினுக்கலாக வந்து நிற்கிறது. தவிர இரண்டு விளக்கு வைத்தால் இரண்டு நிழல். நகரத்துக்கு ஒரே சூரியன், ஒரே நிழல், இதில் ஏமாற்ற முடியாது. அதனால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். காலை எட்டரையிலிருந்து பத்து வரை எங்கள் பால்கனியில் பக்கவாட்டு வெயில், அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் ஸ்டூடியோ. அந்தக் காலத்தில் இவ்வளவு வெளிச்சத்துக்காக ஸ்டூடியோ முழுக்க சூடான விளக்குகளைக் கொளுத்திவிட்டு, அதற்குக் கீழே ரப்பர் சூட்டுக்குள் ஒரு ஆள் நின்று சண்டை போட்டார் என்பதை நினைத்தால் அந்த நடிகர்கள் மேல் தனி மரியாதை வருகிறது.

அடுத்தது கேமராவின் உயரம். தெருவில் நிற்கிற மனிதனின் கண் 1.6 மீட்டரில் இருக்கும். 235ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர். என் லென்ஸ் தரையிலிருந்து 7 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்! போனை நேராக நிறுத்தினால் லென்ஸ் பதினான்கு சென்டிமீட்டரில் இருக்கிறது, அது ஹெலிகாப்டரில் இருந்து பார்ப்பது மாதிரி. தலைகீழாக நிறுத்தினேன், கீழே வந்தது, ஆனாலும் 1.2 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முதல் மாடி ஜன்னல். கடைசியில் செட் வைத்திருந்த பலகையின் விளிம்பில் போன் அகலத்துக்கு ஒரு பள்ளம் அறுத்து, தலைகீழ் போனை அதில் அரை சென்டிமீட்டர் இறக்கியதும் சரியாக அமைந்தது. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தது. பொம்மையை எதுவும் செய்யாமலே அது வளர்ந்துவிட்டது, கழுத்தை அண்ணாந்து பார்க்கிற உணர்வு வந்துவிட்டது. புதிதாக முயற்சி செய்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பொம்மைக்கு வருவோம். கோமோரா தோரு நரிதா வரைந்தது, சூட்டைச் செய்தவர் ரியோசாகு தகாயாமா. தொடரின் 26, 27ஆம் எபிசோடுகளில் வந்து ஒசாகா கோட்டையை இடிக்கிற மிருகம் இது. தோல் முழுக்க கரடுமுரடு, ஆனால் வினைலில் வெயில் பட்டால் பளபளக்கிறது, அந்தப் பளபளப்பு ஒன்றே போதும் காட்டிக்கொடுக்க. சாதாரண மேட் ஸ்ப்ரே ஒன்றை வாங்கி, நல்லவேளையாக வாலின் அடிப்பக்கம் மட்டும் அடித்துப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகியும் அந்த இடம் விரலில் ஒட்டுகிறது. சோஃபுபியில் இருக்கிற மிருதுவாக்கி எண்ணெய் கண்ட பெயிண்டோடு சேர்ந்தால் இப்படிக் காயாமலே கிடக்கும். அதனால் ஸ்ப்ரேயைத் தூரம் வைத்துவிட்டு, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பழுப்பை டீ டிகாக்ஷன் மாதிரி நீர்க்கக் கரைத்து மடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்ததும் மேடுகளில் சாம்பல் நிறச் சாக்பொடியைத் தூரிகையால் தேய்த்தேன். பளபளப்பு போய், மண் புழுதியில் புரண்டு எழுந்த தோல் மாதிரி ஆனது.

கால்களை வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டால் மூட்டு இளகும், மெதுவாகத் திருகினால் கையோடு வந்துவிடும். உள்ளே உலர்ந்த மணலை நிரப்பி, பஞ்சால் அடைத்து மறுபடி செருகினேன். வலது கையையும் அதே வெந்நீரில் காட்டி, அடிக்க ஓங்கிய நிலையில் வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த வளைவு நின்றுவிடும். வெந்நீர் கொதிக்கக் கூடாது, கை வைக்க முடியாத சூடு இருந்தால் போதும். கடைசியாக முதுகில், கேமரா பார்க்காத பக்கம், ஒரு மூங்கில் குச்சி. இதைப் பிடித்துத்தான் நடத்த வேண்டும்.

நடத்துவதில்தான் நான் நினைத்ததற்கு நேர் எதிராக நடந்தது. பெரிய மிருகம் என்றால் மெதுவாக நகர்த்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். 240இல் எடுத்தால் அது நகர்வதே தெரியவில்லை. கணக்குப் போட்டால், மனிதன் ஒரு அடி வைக்க அரை செகண்ட் என்றால் 40 மீட்டர் உருவத்துக்கு கிட்டத்தட்ட இரண்டரை செகண்ட் ஆகும், பத்து மடங்கு மெதுவாகக் காட்டுவதால் என் கை அந்த அடியை கால் செகண்டுக்குள் முடிக்க வேண்டும். அதாவது வெடுக்கென்று. ஆனால் வெடுக்கென்று செய்கிற அந்தக் கால் செகண்டுக்குள் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உடம்பு முதலில் ஒரு பக்கம் சாய வேண்டும், பிறகு கால் போக வேண்டும், கால் தரையில் பட்ட பிறகு எடை அதன் மேல் இறங்க வேண்டும். காட்ஸில்லா சூட்டுக்குள் இருந்த ஹருவோ நகாஜிமா மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், அல்ட்ராமேனிலும் சில மிருகங்களுக்குள் அவர் இருந்தார். யானையின் நடையை நாம் கோயில் வாசலிலேயே பார்த்து வளர்ந்தவர்கள், அந்தச் சாய்வு ஞாபகத்தில் இருக்கிறது. கண்ணாடி முன் உட்கார்ந்து குச்சியைப் பிடித்து இரண்டு மாலை பழகிய பிறகுதான் கைக்கு வந்தது.

இனி கட்டடம். பிளாஸ்டர் தவிர வேறு வழியில்லை என்று முடிவாகிவிட்டது. எது எப்படி அழிய வேண்டுமோ அதற்கேற்ற பொருளைத் தேடுவதுதான் இந்தக் கலையில் பாதி. 1954இல் வந்த முதல் காட்ஸில்லாவில் உருகுகிற மின்கோபுரங்களை மெழுகில் செய்தார்கள். மேலிருந்து பார்க்கிற கடலுக்குக் கந்தேன் என்று இவர்கள் சொல்கிற அகர் அகரை, நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் காய்ச்சுகிற அதே கடல்பாசியை, பெரிய தட்டுகளில் ஊற்றி உறையவைத்து அலை காட்டினார்கள். எனக்கு வேண்டியது கான்கிரீட், அதற்கு நூறு யென் கடையில் கிடைக்கிற கைவினைப் பிளாஸ்டர். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 70 தண்ணீர் என்று இருந்தது. உறுதியாக வரக் கூடாது என்பதால் 90 ஊற்றினேன். கண்ணாடி மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தில் பட்டை கட்டி ஊற்றி, இருபது நிமிடத்தில் தயிர் மாதிரி இறுகும்போது ஜன்னல்களைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டினால் உடையும், ரொம்ப முன்னால் வெட்டினால் மூடிக்கொள்ளும்.

முதல் சுவர் 4 மில்லிமீட்டர் தடிமன். ஷாட் எடுத்துப் பார்த்தால் ஏதோ தப்பு. ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தபோது புரிந்தது, உடைந்த துண்டின் விளிம்பு தெரிகிறது, அந்த விளிம்புதான் அளவைச் சொல்லிவிடுகிறது. 4 மில்லிமீட்டரை 235ஆல் பெருக்கினால் 94 சென்டிமீட்டர், கோட்டைச் சுவர்! எட்டு மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு ஏது அவ்வளவு சுவர். 1.2 மில்லிமீட்டருக்கு இறக்கினேன், 28 சென்டிமீட்டர் கணக்கு, இப்போது சரி. ஆனால் அவ்வளவு மெல்லிய பிளாஸ்டரை கண்ணாடியிலிருந்து எடுப்பதற்குள் பாதி உடைந்துவிடும். பத்துத் தகடு வார்த்தால் ஆறு தேறும். மழைக்காலம் வேறு, காயவே இல்லை. ஃபுட்டோன் மெத்தைக்கு வைத்திருக்கிற டிரையரை ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஊதவிட்டு அதில் காயவைத்தேன், இரண்டு மணி நேரத்தில் கல் மாதிரி ஒலித்தது.

சுவர்களின் பின்பக்கம் ஊசியால் கோணல்மாணலாகக் கீறல் போட்டேன். நேர்க்கோடு போட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். மூலைகளில் பசை வேண்டாம், டிஷ்யூ பேப்பர் கீற்றை ஒட்டினால் போதும். முதல் தடவை மரப் பசையில் இறுக ஒட்டிவிட்டு, மொத்தக் கட்டடமும் ஃபிரிட்ஜ் மாதிரி அப்படியே சாய்ந்ததைப் பார்த்தேன். உள்ளே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தகடு, அதன் மேல் தீக்குச்சி நறுக்கிய மேசைகள். சுவர் பிளந்ததும் உள்ளே வெறும் இருட்டு தெரிந்தால் அது பெட்டி, மாடிகள் தெரிந்தால் அது கட்டடம். பின்சுவர் நான் வைக்கவே இல்லை, கேமரா பார்க்காத பக்கத்துக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்கக் கூடாது. சிக்கனம் இந்தத் தொழிலோடேயே பிறந்தது. பரகான் என்ற சினிமா மிருகத்தின் ஒரே சூட்டை மாற்றி மாற்றித்தான் அல்ட்ராமேனுக்கு முந்தைய தொடரான 'அல்ட்ரா கியூ'வில் பகோஸ், அல்ட்ராமேனில் நெரோங்கா, மகுலார், கபோரா என்று நான்கு மிருகங்கள் வந்தன. வாரம் ஒரு மிருகம் வேண்டும் என்ற நெருக்கடியில் செய்தது, ஆனால் நான்கும் தனித்தனி ஜென்மமாகத்தான் திரையில் நிற்கின்றன.

புழுதிக்கு முதலில் அரிசி மாவு. கோலமாவு சிந்தின மாதிரி நேராகக் கீழே போய்விட்டது, மிதக்கவில்லை. சோள மாவு பரவாயில்லை. முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர்தான் காற்றில் நின்றது. கடைசியில் பவுடரும் பிளாஸ்டர் தூளும் பாதிப் பாதி, கொஞ்சம் கரித்தூள் கலந்து சாம்பல் நிறமாக்கி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு டீஸ்பூன் தூவிவைத்தேன். மாஸ்க் கட்டாயம். மாவுப் புழுதி பக்கத்தில் நெருப்பே கூடாது, மெழுகுவர்த்திகூட. காற்றில் பரவிய மாவு பற்றிக்கொள்ளும்.

பாக்கியிருந்த அந்த வேகக் கணக்குக்கு வருகிறேன். கட்டடம் அடி வாங்கியதும் சாயாமல் தன் மேலேயே உட்கார வேண்டும். அதற்காகக் கீழ் மாடியில் சுவருக்குப் பதில் நான்கு சாப்ஸ்டிக் துண்டுகளைத் தூணாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, நான்கு நூலையும் பலகைக்கு அடியில் ஒரே வளையத்தில் கோர்த்தேன். வளையத்தை இழுத்தால் நான்கும் ஒரே நேரத்தில் விழும், திரையில் ஒன்றரை செகண்டில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் ஒரு ராத்திரி தோன்றியது: நான்கு நூலுக்கும் வேறு வேறு தொய்வு கொடுத்தால் என்ன? முதல் நூல் இறுக்கமாக, அடுத்தது 2 சென்டிமீட்டர் தொய்வு, அடுத்தது 4, கடைசி 6. இப்போது இழுக்கிற இழுப்பில் முன் இடது மூலை முதலில் இறங்குகிறது, கட்டடம் முறுகுகிறது, ஜன்னல்களுக்கு நடுவில் விரிசல் ஓடுகிறது, அதற்குள் அடுத்த தூண். மொத்தம் இரண்டரை செகண்ட் வந்துவிட்டது. போன் கொடுக்காத வேகத்தை நூலில் வாங்கிவிட்டேன், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முன்னால், லென்ஸுக்கு ஒட்டி, ரயில் மாடல்களுக்கு விற்கிற 150இல் ஒரு பங்கு மின்கம்பங்கள் இரண்டு, நடுவில் தையல் நூல் கம்பிகள். பின்னால் 300இல் ஒரு பங்கு அளவில் காகிதக் கட்டடங்கள், கொஞ்சம் வெளிர் சாம்பலாக, தூரத்துப் புகைமூட்டம் மாதிரி. இப்படி முன்னால் பெரிது பின்னால் சிறிது என்று வைத்ததில் 90 சென்டிமீட்டர் பலகை ஒரு பேட்டையாகிவிட்டது. பின்னணிக்கு வானம் வரைய வேண்டியதில்லை, அவ்வளவு கீழிருந்து பார்த்தால் பால்கனியின் நிஜ வானமே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் காற்றுக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிற நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

பிளாஸ்டர் கட்டடம் என்றால் ஒரே டேக்தான், போனால் ஒரு வார வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நான் ஒரு கையில் குச்சி, மறு கையில் நூல் வளையம். மகள் ரெக்கார்ட் பட்டன். மனைவி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், "இப்ப வெயில் வருது, இப்ப" என்றாள். சாய்வு, அடி, கை இறங்கியது, இழுத்தேன். நேரில் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கண் சிமிட்டினால் போயிருக்கும்.

போனில் ஓட்டிப் பார்த்தோம். கை சுவரில் பதிகிறது, சுவர் உடனே உடையவில்லை, ஒரு கணம் உள்ளே வளைவது போல் இருந்துவிட்டு நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விரிசல் கிளம்புகிறது. ஒரு மேசை விளிம்புக்கு வந்து தயங்கி விழுகிறது, அதை நான் திட்டமிடவே இல்லை. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார உட்கார ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் புழுதி வெளியே பிதுங்குகிறது. முன்னாலிருக்கும் மின்கம்பி ஒரு தடவை துள்ளி அடங்குகிறது. புழுதிக்குப் பின்னால் கொம்பு மட்டும் தெரிகிறது. மகள் எதுவும் சொல்லவில்லை, "இன்னொரு தடவை" என்று மட்டும் கேட்டாள், ஏழெட்டுத் தடவை கேட்டாள்.

குறை இரண்டு. வலப்பக்கம் கடைசியில் குச்சியின் நிழல் ஒரு நொடி தெரிகிறது. கூரையில் தண்ணீர்த் தொட்டி வைக்க மறந்துவிட்டேன், இந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் அது இல்லாமல் இருக்காது, அது முதலில் சரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பால்கனியை ஈரத் துணியால் துடைத்தேன், பிளாஸ்டர் கரைசலை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிடும், வாளியில் படியவிட்டுக் குப்பையில் போடுங்கள். உடைந்த துண்டுகளைச் சல்லடையில் பெரிது சிறிது என்று பிரித்து இரண்டு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன், அடுத்த ஷாட்டில் தெருவில் கிடக்கிற இடிபாடுகளுக்கு. கூரைத் தொட்டி நேற்றே வார்த்தாகிவிட்டது, டிரையர் பெட்டிக்குள் காய்கிறது.